புயல் வடக்கே திரும்பிய வாரம்

அன்புள்ள சிட்டுவுக்கு,

நானும் உன் தம்பியும் உடம்பளவில் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று எழுதுவது வழக்கம். ஆனால் கண்ணால் பார்க்காத ஒன்றை இப்படித்தான் இருக்கும் என்று எழுதுவதை வீட்டளவில் நான் நிறுத்தி நாற்பத்தோரு நாள் ஆகிறது. அலுவலகத்தில் நிறுத்த முடியவில்லை, அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். ஆகவே நீ எப்படி இருக்கிறாய் என்பதை நீயேதான் சொல்ல வேண்டும். மூன்று வாரமாக என் ஃபோனை நீ எடுப்பதில்லை, தம்பியிடம் மட்டும் பேசுகிறாய். அது சரிதான், அதைக் குறையாகச் சொல்லவில்லை.

தம்பி சலவைக் கடையை மறுபடி திறந்துவிட்டான். காலரையும் கைப்பட்டியையும் அம்மா தேய்ப்பதுபோலவே மடிப்பு விழாமல் தேய்க்கிறான், ஆனால் துவைத்த துணியை மாடிக்கு எடுத்துப் போவதா வேண்டாமா என்று படிக்கட்டில் வாளியோடு நின்றுவிடுகிறான். உனக்குத் தெரியாததல்ல, இருபத்தாறு வருஷமாக இந்த மண்டலத்துக்கு வாராந்தர வானிலை அறிக்கை எழுதுபவன் நான், அதே இருபத்தாறு வருஷமாக வெயிலை நம்பிக் கடை நடத்தியவள் உன் அம்மா, ஒருநாள்கூட அவள் என்னைக் கேட்டு ஒரு கைக்குட்டையைக் காயப் போட்டதில்லை. காலையில் மாடிக்குப் போவாள், கொடிக்கம்பியை இரண்டு விரலால் தொடுவாள், முடிவு செய்துவிடுவாள். வானொலியில் என் கனமழை வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போது நம் மாடியில் முப்பது வெள்ளை விரிப்புகள் பறந்துகொண்டிருக்கும், அதைப் பார்த்துத் தெருவே துணி காயப் போடும். தையற்காரர் ஒருமுறை என்னை நிறுத்தி, "சார், நீங்க சொல்றதையும் கேட்டுக்கிறோம், ஒரு மரியாதைக்கு" என்றார். வீட்டில் என்னை நம்பிய ஒரே ஆள் நீ. பள்ளிக்கூடத்தில் உச்சி வெயிலில் குடை பிடித்துக்கொண்டு போய்க் கேலிக்கு ஆளானவள். அதுதான் இப்போது என்னைக் கொல்கிறது.

போன வாரம் நீ தம்பியிடம் பேசியபோது அவன் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு இஸ்திரி மேஜையில் வைத்திருந்தான், நான் பின்னால் நின்றிருந்தேன். "அப்பா வேண்டாம்னு சொன்னாலும் நான் கிளம்பியிருக்கணும்டா, தப்பு என்னோடதுதான்" என்றாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். தப்பு உன்னுடையது அல்ல. எப்படி நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன். படித்து முடித்தபின் என்னோடு பேசுவதும் பேசாததும் உன் விருப்பம்.

அந்த வியாழக்கிழமை நான் எழுதிய அறிக்கை உனக்கு நினைவிருக்கும். கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஞாயிறு முதல் புதன் வரை அநேக இடங்களில் மிகக் கனமழை, விமானங்கள் இயங்குவது கடினம். ஐந்து கணினிக் கணிப்புகளில் நான்கு அப்படித்தான் சொல்லின. ஐந்தாவது, வடக்கே திரும்பிவிடும் என்றது, அதை நாங்கள் பொதுவாக மதிப்பதில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்க்க நீ சனிக்கிழமை கிளம்ப டிக்கெட் எடுத்திருந்தாய். அவளைப் பார்த்த டாக்டர், "ரெண்டு மூணு வாரத்துக்குப் பெருசா மாற்றம் இருக்க வாய்ப்பில்லைன்னு நினைக்கிறேன்" என்றார். அது அச்சு அசலாக எங்கள் அலுவலகத்து வாக்கியம். கணிப்பு தவறினால் யாரும் சட்டையைப் பிடிக்கக் கூடாது என்பதற்காக நாங்கள் எழுதுவது. அந்த வாக்கியத்தை எழுதியே தலை நரைத்தவன், அதை வேறொருவர் சொன்னதும் நம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அம்மா தம்பியை மாடிக்கு அனுப்பிக் கம்பியைத் தொட்டுப் பார்த்து வரச் சொன்னாள். அவன் வந்து, "மொறுமொறுன்னு காஞ்சிருக்கும்மா" என்றான். உடனே என்னைப் பார்த்து, "உங்க மழை வராது. அவளைக் கிளம்பி வரச் சொல்லுங்க" என்றாள். நான் சரி என்றேன். பிறகு கடைக்குப் பின்னால் சோப்பு மூட்டைகளுக்கு நடுவில் நின்று உன்னை அழைத்து, புயல் போகட்டும், அடுத்த சனிக்கிழமை வா என்றேன். அம்மா என்ன சொல்கிறாள் என்று நீ கேட்டாய். அம்மாவும் அதையேதான் சொல்கிறாள் என்றேன். சிட்டு, அவள் அதைச் சொல்லவில்லை. மூச்சு வாங்கியதால் அவள் ஃபோனில் பேசுவதை விட்டிருந்தாள், இரண்டு பக்கத்துக்கும் தூது நான்தான். உள்ளே போய், சொல்லிவிட்டேன், கிளம்புகிறாள் என்றேன். ஒரே காலையில் இரண்டு அறிக்கை வெளியிட்டேன், இரண்டும் பொய். தம்பி வாயையும் நான்தான் கட்டினேன், ஒரு வாரம்தானே என்று சொல்லி.

திங்கட்கிழமை விடிந்ததும் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மதியத்துக்குள் கலைந்துவிட்டது. செவ்வாய் மதியம் செயற்கைக்கோள் படத்தில் அது வடக்கே திரும்பியது தெளிவாகத் தெரிந்தது. அப்போதே உன்னை அழைத்திருந்தால் இரண்டு விமானம் மாறி வியாழன் விடிகாலையில் வந்திருப்பாய். இன்னும் ஒரு நாள் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அலுவலகத்தில் அது நல்ல பழக்கம்.

புதன்கிழமை அப்படி ஒரு வெயில். என் பேச்சைக் கேட்டுப் பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள், பிள்ளைகளெல்லாம் தெருவில் பந்து விளையாடின. சத்தம் கேட்டு அம்மா என்னவென்று கேட்டாள், நான் விட்ட மழை லீவு என்றேன். சிரித்தாள், அதற்கே மூச்சு வாங்கியது. பிறகு, "அவ எங்க வந்துட்டிருக்கா?" என்றாள். புயலால் வழியில் தாமதம் என்றேன். ஜன்னல் வழியே விழுந்த வெயிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப புயல் அவ இருக்கிற பக்கமா அடிக்குது?" என்றாள். ஆமாம் என்றேன். "பாவம், நனையாம வந்து சேரட்டும்" என்று சொல்லிவிட்டு, உன் படுக்கை விரிப்பைத் துவைத்து மாடியில் போடச் சொன்னாள். தம்பி போட்டான். இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. அவளே மடிக்க வேண்டும் என்றாள். மடித்தாள், நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் காலை பதினொன்று பத்துக்கு அவள் போனாள். நீ வழியில் வந்துகொண்டிருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் போனாள். இது ஆறுதலா, நான் அவளுக்குச் செய்த துரோகமா என்று நாற்பத்தோரு நாளாக யோசிக்கிறேன், தெரியவில்லை. நீ வர மறுத்ததாகவோ தள்ளிப் போட்டதாகவோ அவள் நினைக்கவில்லை, அது மட்டும் உறுதி. அவள் போனதைச் சொல்ல அன்று நான் அழைத்தபோது, கிளம்பினாலும் சனிக்கிழமைதான் வர முடியும், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும், "இனி வந்து யாரைப் பார்க்கறது" என்று டிக்கெட்டை ரத்து செய்தாய்.

வேறு செய்தி பெரிதாக இல்லை. நம் மாடியைப் பார்த்துத் துணி காயப் போட்ட தெரு இப்போது வேறு வழியில்லாமல் என் அறிக்கையைக் கேட்கிறது, பாவம். தினமும் காலையில் நானும் மாடிக்குப் போய்க் கம்பியை இரண்டு விரலால் தொட்டுப் பார்க்கிறேன். எனக்கு அது வெறும் கம்பியாகத்தான் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு, அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. தம்பியிடம் கோபப்படாதே, அவன் என் பேச்சைக் கேட்டவன், உன்னைப் போலவே.

அம்மா மடித்த விரிப்பு உன் கட்டில்மேல் அப்படியே இருக்கிறது, யாரும் பிரிக்கவில்லை. அதைப் பிரிக்க ஆள் வேண்டும். எந்த நாள், எந்த வாரம் என்று நான் சொல்லப்போவதில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், என்னை நம்பாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஒன்றே ஒன்றை மறக்காதே: கிளம்புமுன் எங்கள் அலுவலக அறிக்கையைப் பார்க்காதே. அதை இன்னும் நான்தான் எழுதுகிறேன்.

உன்,
அப்பா