கேட்டு வாங்கிய கடை

டுலூத்
மார்ச் 3, 1986

தோரா,

நகரசபை வக்கீலின் நோட்டீஸ் வந்தது. ஹெல்மர் கடைவீதியில் பூட்டிக் கிடக்கும் என் ஹார்டுவேர் கடையை, பொது நூலகத்துக்காகக் கட்டாயமாகக் கையகப்படுத்தப் போகிறீர்களாம். கையெழுத்து வக்கீலுடையது. யோசனை எந்த உறுப்பினருடையது என்று எனக்குத் தெரியாதா? விவாகரத்தில் கேட்காததைச் சபை வழியாகப் பிடுங்கப் பார்க்கிறாயா?

எனக்கு ஒன்பது வயதில், நெடுஞ்சாலைக்காக எங்கள் வீட்டை இப்படித்தான் எடுத்தார்கள். அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்போதே சமையலறைக்குள் வந்து அளந்தார்கள். உன் ஒருத்தியிடம்தான் அதைச் சொல்லியிருக்கிறேன்.

கடை பூட்டியே கிடக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆர்வில்

ஹெல்மர்
மார்ச் 9

ஆர்வில்,

'அன்புள்ள' என்று எழுதினால் கோபம் கூடுமோ என்று விட்டுவிட்டேன்.

யோசனை என்னுடையதல்ல. நகரமன்றக் கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் இருக்கும் நூலகத்துக்குள் இந்த வருடமும் பனி உருகிய தண்ணீர் வந்துவிட்டது. நானும் நூலகர் ஜெசப் அம்மாளும் ரப்பர் பூட்ஸோடு நின்று புத்தகங்களை மேஜைமேல் ஏற்றினோம். இனி அங்கே இருக்க முடியாது. உன் கடையைப் பேசி வாங்கலாம், சட்டப்படி எடுக்கலாம், இல்லையென்றால் புறவழிச்சாலையோரம் புதிதாகக் கட்டலாம். அங்கே பிள்ளைகள் நடந்து போக முடியாது.

உன்னிடம் கேட்டு வாங்கலாம் என்றேன். மேயர் கில்ஃபாயில் விடவில்லை. "அவன்கிட்டப் போய்க் கேக்கறதா? இருபது வருஷம் குடும்பம் நடத்துன உனக்கே ஒழுங்கா பதில் சொல்லாதவன் அவன்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பதினெட்டாம் தேதி வாக்கெடுப்பு. அதற்குள் ஒரு வரி எழுது.

தோரா

ஹெல்மர்
மார்ச் 19

அன்புள்ள ஆர்வில்,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நேற்று நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

கட்டாயமாக எடுக்க இரண்டு பேர் கை தூக்கினார்கள், இரண்டு பேர் மறுத்தார்கள். மிச்சம் என் ஓட்டு ஒன்றுதான். கூடம் நிறையச் சனம், எல்லாக் கண்ணும் என்மேல். "மாட்டேன்" என்றேன்.

கில்ஃபாயில் எழுந்தேவிட்டார். "தோரா, உனக்கென்ன கிறுக்கா? லைப்ரரி, லைப்ரரின்னு எங்க உயிரை வாங்குனதே நீதானே?"

"லைப்ரரி வேணும்தான். பூட்டை உடைச்சு வேணாம். அந்த மனுஷன்கிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா? வக்கீல் நோட்டீஸ் விட்டா அதுக்குப் பேரு கேக்கறதா?"

தீர்மானம் தோற்றது. வெளியே ஜெசப் அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். உன் அம்மாவின் சமையலறையைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

புறவழி நிலம் அடுத்த மாதம் முடிவாகிவிடும். அதற்குமுன் நானே கேட்கிறேன். ஆர்வில், உன் கடையை எங்கள் ஊருக்கு விற்பாயா? முடியாது என்றாலும் உன்மேல் வருத்தம் வராது.

தோரா

டுலூத்
மார்ச் 25

அன்புள்ள தோரா,

நோட்டீஸ் வந்த ஆத்திரத்தில் உன் முதல் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. இன்று இரண்டையும் சேர்த்துப் படித்தேன். பிறகு ஏரிக்கரையில் வெகுநேரம் நடந்தேன். எங்கள் வீட்டுக்காக அன்றைக்கு ஒருவரும் 'மாட்டேன்' என்று சொல்லவில்லை.

விற்கிறேன். மதிப்பீட்டாளர் சொல்லும் விலை போதும், பேரம் வேண்டாம். கேட்டால் பதில் சொல்வேன் என்று கில்ஃபாயிலிடம் சொல்லிவை. சாவி தனித்தபாலில் வருகிறது. பின்கதவு மக்கர் பண்ணும். தோளால் ஒரு இடி கொடு.

ஆர்வில்

ஹெல்மர்
செப்டம்பர் 14

அன்புள்ள ஆர்வில்,

திறந்துவிட்டோம்!

நகரமன்றத்திலிருந்து உன் கடைவரை ஊரே வரிசையாக நின்று, புத்தகங்களைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுசேர்த்தது. பள்ளிக்கூட பேண்டு ஒரே பாட்டையே திரும்பத் திரும்ப வாசித்தது. கலைக்களஞ்சியம் வந்தபோது பேக்கரிக்கார ஹல்தா, "இதென்னது, செங்கலா?" என்று அலறினாள். கில்ஃபாயில் கோட்டைக் கழற்றிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க நின்றார். "அன்னிக்கு உன் கழுத்தை நெரிக்கலாம்னு இருந்துச்சு தோரா. இப்ப என் பொண்டாட்டியே உன்னைத்தான் புகழறா!" என்றார். ஜெசப் அம்மாள் கடைசிப் புத்தகத்தை அலமாரியில் வைத்ததும் தெரு முழுக்கக் கைதட்டல். நாள் முழுக்கக் கத்திக் கத்தி எனக்குக் குரலே போய்விட்டது.

உனக்கு அழைப்பு அனுப்பினேன். வராவிட்டாலும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தோரா

டுலூத்
செப்டம்பர் 20

அன்புள்ள தோரா,

வந்திருந்தேன்.

பேக்கரிக்கு எதிரே, பல் டாக்டருக்கும் ஒரு டீச்சருக்கும் நடுவில், தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றேன். "கையை நீட்டுங்க, சீக்கிரம், சீக்கிரம்!" என்று கத்திக்கொண்டே நீ என்னைத் தாண்டி ஓடினாய். வருடக்கணக்கில் காதைப் பொத்திக்கொண்ட குரல் அது. அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கத்தமாட்டாயா என்றிருந்தது.

உள்ளேயும் போனேன். ஆணி டப்பாக்கள் இருந்த சுவர் முழுக்கப் படக்கதைகள், கீழே தரையில் பிள்ளைகள். ஜெசப் அம்மாளிடம் நூலக அட்டை கேட்டேன். என்னை அடையாளம் தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல், "ஊர்ல குடியிருக்கிறவங்களுக்குத்தாங்க கார்டு" என்றார்.

"இந்தக் கட்டடமே என்னோடதா இருந்துச்சேம்மா?"

"இருந்துச்சு. இப்ப ஊரோடது."

அதனால் ஹெல்மரில் வாடகைக்கு வீடு பிடித்துவிட்டேன். அக்டோபர் முதல் தேதி சாமான் வண்டியோடு வருகிறேன். பயப்படாதே, உன் தெருவில் இல்லை. நடந்து வரும் தூரம்தான்.

ஹெல்மர்வாசி ஆகப்போகும்
ஆர்வில்