ஸ்டேப்ளர் அடித்த முப்பது பக்கம்

பையை அடுக்கும்போது விரலில் துரு ஒட்டியது. நீ கொடுத்த நாவல்தான். கடைசி முப்பது பக்கத்தையும் சேர்த்து நீ அடித்த மூன்று ஸ்டேப்ளர் ஊசியும் பழுப்பேறி, தாளில் கறை இறங்கியிருந்தது. மூன்று வருடமாக அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இந்த முறை பையில் போட்டுவிட்டேன்.

இப்போது செர்டாங்கைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள், கிராணியாகக் கணக்கு எழுதும் என் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். பள்ளி விடுமுறைக்கு அவர் மாமியார் வீட்டுக்குப் போனதும் சாவி நமக்கு வந்துவிடுமே, அதே வீடு. இன்னும் இங்கே கைப்பேசிக்கு லைன் கிடையாது. நாம் பழகியதோ பேக்டரி லைனில். "வருசம் பூரா அந்த லைன்ல நிக்கிறோம். நாலு நாள் எந்த லைனும் இல்லாம உக்காருவோம்லா," என்று வருடாவருடம் வரும் இந்தப் பயணத்தைத் தொடங்கி வைத்தவள் நீ.

பயணத்துக்கு நாவல் பொறுக்கி எடுக்கிற நாளை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். திக்காம் பத்துவில் உன் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மீ நூடுல்ஸ் பெட்டி நிறையப் புத்தகம் கட்டிக்கொண்டு வருவாய். பாக்கார் ஆராங்கில் என் வீட்டு ஹாலில் கொட்டிப் பரப்புவாய். நின்றபடியே ஐம்பதாம் பக்கத்தைத் திறந்து படிப்பாய். பிடிக்காவிட்டால் அது பெட்டிக்குத் திரும்பிவிடும். "நாலு நாளைக்கு நாலு. அழ ஒண்ணு, சிரிக்க ஒண்ணு, தூங்க ஒண்ணு, சண்டை போட ஒண்ணு." சண்டைப் புத்தகத்தை இருவருமே படித்தாக வேண்டும். அப்புறம் ஒரு சாயங்காலம் முழுக்க வாய் வலிக்கச் சண்டை நடக்கும்.

நான் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறவள். "முடிவப் பாக்காம உனக்குச் சோறு எறங்காதாடி?" என்று எத்தனை திட்டு வாங்கியிருப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன், அந்த முறை உன்னால் வர முடியவில்லை. இனிப்பு நீர் வியாதி கிட்னியைத் தின்று, கண்ணுக்கு வந்திருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நானும் போகவில்லை என்றேன். "போடி, ரெண்டு பேரும் இங்க உக்காந்து என்ன செய்யப் போறோம்," என்று விரட்டினாய். சண்டைப் புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாதிவரை படித்திருந்தாய். வீட்டை விட்டுப் போகிற ஒருத்தியின் கதை. அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை என்றாய். மீதியை நான் படித்து வந்து சொல்ல வேண்டும். நான் ஏமாற்றுவேன் என்று தெரிந்துதான், என் முன்னாலேயே ஸ்டேப்ளரை எடுத்து டக் டக்கென்று அடித்தாய்.

நான் அதைப் படிக்கவில்லை. முதல் நாற்பது பக்கம் நத்தையாக நகர்ந்தது. மூடி வைத்துவிட்டு, மற்ற மூன்றில் ஒல்லியாக இருந்த இரண்டைப் படித்தேன். மத்தியானத்தில் நன்றாகத் தூங்கினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாலாம் நாள் திரும்பும்போது, செர்டாங் சந்திக்கு வந்ததும் லைன் கிடைத்து, கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. காடியை ஓரம் கட்டினேன். முதலில் நீ பேசி அனுப்பியிருந்த குரல். "முடிச்சிட்டியாடி? அவ திரும்பி வந்தாளா, இல்லியா? வந்து சொல்லு." அதற்குக் கீழே உன் தம்பி அனுப்பியது. நீ போய் இரண்டு நாளாகியிருந்தது. நான் சந்திக்கு வந்த அன்றைக்குக் காலையிலேயே உன்னை எடுத்து எல்லாம் முடித்துவிட்டார்கள். உன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

அதிலிருந்து நீ கேட்டபடியே இருக்கிறாய். சந்தையில் மீன் பொறுக்கும்போது கேட்கிறாய். லைனில் நிற்கும்போது கேட்கிறாய். சில நாள் எனக்குப் பயமாகக்கூட இருக்கிறது.

முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படித்து, இன்றைக்குக் காலையில் ஊசியைச் சமையல் கத்தியால் நெம்பி எடுத்தேன். முப்பது பக்கத்தையும் வரிசையாகப் படித்தேன், கடைசியை எட்டிப் பார்க்காமல். கேட்டுக்கொள். சாயங்காலம் ஒரு பஸ் சந்தியில் வந்து நிற்கிறது. யாரோ இறங்குகிறார்கள். அவளுடைய அம்மா வாசலுக்கு வந்து கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள். அவ்வளவுதான். இறங்கியது யார் என்று எழுதவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் புத்தகத்தை மேசையில் போட்டு அடித்தேன்.

அன்றைக்கே படித்திருந்தாலும், வந்தாளா இல்லையா என்று என்னால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் நீ என்னைக் கேட்டதற்கும் அவர்கள் உன்னைத் தூக்கியதற்கும் நடுவில், லைன் தேடி நான் ரோட்டுக்கு ஓடி வந்திருப்பேன். இந்த முடிவைப் படித்த பிறகு உன்னிடம் போனில் கத்தாமல் என்னால் இருந்திருக்க முடியாது.

மூன்று ஊசியையும் பர்சில் போட்டு வைத்திருக்கிறேன். பஸ்ஸில் இறங்கியது அவள்தான் என்று நான் சொல்கிறேன். நீ இல்லை என்பாய். எங்கே, சொல்லேன்டி.