அப்பா போட்ட பதில்

அக்கா,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நீ வரைந்து, வீட்டைவிட்டுப் போனபோது விட்டுச்சென்ற தையல் மெஷின் படத்தை, உன்னைக் கேட்காமல் இணையத்தில் போட்டுவிட்டேன். மூன்றே நாளில் நாலாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள், அக்கா! எந்தெந்த ஊர்த் தையல்காரர்களோ! புத்தகங்களுக்குப் படம் வரைகிற ஓர் அம்மா, உனக்கு வேலை தருவதாகச் சொல்லி உன் விலாசம் கேட்கிறார்.

ஒருவர் மட்டும், “நூல் கோத்தது தப்பு” என்று எழுதியிருந்தார். நம் தையல் கடையில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். “படம் வரைஞ்சா சோறு வருமா?” என்று உன் நோட்டைக் கிழித்தவர், போனைப் பிடுங்கி ஒற்றை விரலால் தட்டினார்: “இது பழைய மெஷின். இப்படித்தான் கோக்கணும். என் மக பார்த்துதான் வரைஞ்சா.”

“வேலை தர்றேன்னு சொன்ன அம்மாவுக்கு அக்கா விலாசம் குடுக்கவாப்பா?”

“அவளையே வந்து குடுக்கச் சொல்லுடி.”

நான் அவர் முகத்தைப் பார்ப்பதற்குள் கடை விளக்குகளை அணைத்துவிட்டார்.

உன் வால்