தொப்பிக்குள் மூன்று முயல்

ஜூன் 11, செவ்வாய்
குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன். ஆங்கில விளையாட்டுச் சொற்கள் எப்படிப் பிறந்தன என்று பள்ளிகளுக்கிடையே வினாடி வினா. மூன்று வாரம் நூலகத்தில் கிடந்து நோட்டு நிறைய எழுதியது நான். போகப்போவது தங்கை. எட்டாவது படிக்கிறவள்! "அவளுக்கு மேடை பயம் இல்லை" என்றார் இங்கிலீஷ் மிஸ். எனக்குக் கை நடுங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஜூன் 12
"அக்கா, உன் நோட்டைக் குடேன்."
முடியாது என்றேன். "குடுத்தா உன் தலையில இருக்கிறது தேஞ்சா போயிடும்?" என்றாள் அம்மா.
கிரிக்கெட்டில் ரன் எடுக்காமல் அவுட்டானால் 'டக்'. பூஜ்யம் வாத்து முட்டை மாதிரி இருப்பதால். நான் கண்டுபிடித்துச் சொன்னது அது. சாப்பிடும்போது தங்கை அதைச் சொன்னாள், அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சொன்னபோது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வயிறு எரிகிறது.

ஜூன் 13
செய்துவிட்டேன்.
ஹாட்ரிக்: அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று பேரை அவுட்டாக்கியவருக்குத் தொப்பி பரிசளித்ததால் வந்த சொல். பென்சிலில் இருந்ததை ரப்பரால் அழித்து, மேலே பேனாவால் எழுதினேன்: 'வித்தைக்காரர் தொப்பிக்குள்ளிருந்து மூன்று முயல் எடுத்ததால்.' பிறகு நோட்டைக் கொடுத்தேன்.
நூறு சொல்லில் இதையா கேட்கப்போகிறார்கள்?

ஜூன் 15
கேட்டார்கள்.
கடைசிக் கேள்வி. தங்கை முயலைச் சொன்னதும், நான் உட்கார்ந்திருந்த அரங்கமே சிரித்தது. அந்த ஒரு கேள்வியில் தோற்றோம். "யாரு சொன்னது உனக்கு?" என்றார் மிஸ். மாட்டினேன், செத்தேன் என்று நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "நானே அடிச்சு விட்டேன் மிஸ்."

ஜூன் 17
அவளுக்கு 'முயல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருக்கணுமே?
சாயங்காலம் நோட்டைத் திருப்பித் தந்தாள். "அழிச்சதுக்கு அடியில தொப்பி, பரிசுன்னு தெரிஞ்சுது அக்கா. நீ மாத்தினா சரியாத்தான் மாத்தியிருப்பேன்னு நெனச்சேன்."
அவ்வளவுதான். திட்டித் தொலைச்சிருக்கலாம்ல? அம்மாகிட்ட சொல்லிடுவாளோ — மாட்டா. அதுதான் பயமா இருக்கு. சொல்லவே மாட்டா.

ஜூன் 18
மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். வகுப்பில் எல்லோர் முன்னாலேயும். கை நடுங்கிக்கொண்டேதான்.

ஜூன் 21, வெள்ளி
இப்போது முயல் நான்தான். படிக்கட்டில் இறங்கினால் தலைமேல் இரண்டு விரலைக் காதாக்கி ஆட்டுகிறார்கள். இன்று தங்கையின் வகுப்புப் பெண் ஒருத்தி ஆட்டினாள்.
"கையை இறக்குடி. அது எங்க அக்கா" என்றாள் தங்கை.
என்னோடு இன்னும் பேசவில்லை.