முத்துவீரன் சேரின் மீசையும் மஞ்சள் கொப்பியும்

17 ஜனவரி 2006

கொழும்பில் ஐந்து நாள் பயிற்சி முடித்து, தடித்த ஃபைல் ஒன்றோடு ஆசிரியர் கலாசாலைக்குத் திரும்பினேன். ஃபைலின் பெயர் ‘எல்லோருக்குமான கற்பித்தல் வடிவமைப்பு’. கண் தெரியாதவர், காது கேட்காதவர், படியேற முடியாதவர் என்று யார் வகுப்பில் இருந்தாலும் பாடம் போய்ச் சேரும்படி முதலிலேயே திட்டமிட வேண்டுமாம். இதை எங்கள் பதினொரு விரிவுரையாளர்களுக்கும் நான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தமிழ்ப் பிரிவுத் தலைவர் கபூர் சேர் ஃபைலைக் கையில் தூக்கிப் பார்த்தார். “கனம்தான் தனுஜா மிஸ். கூட்டத்துல சாப்பிட ரோல்ஸ் இருக்குன்னு நோட்டீஸ்ல போடுங்க, எல்லாரும் வருவாங்க” என்றார்.

முப்பத்தெட்டு வயதில் எனக்கு இது தேவையா?

26 ஜனவரி

தவணைப் பரீட்சைப் புள்ளிகள் வந்துவிட்டன. எங்கள் மாணவி பிரேமலதாவுக்குக் கல்வி உளவியலில் 29. மற்றப் பாடங்கள் எல்லாவற்றிலும் அறுபதுக்கு மேல். றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. சின்ன வயதுக் காய்ச்சலில் காது முக்கால்வாசி போய்விட்டது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். ஜூன் பரீட்சையிலும் இந்தப் பாடம் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராகப் போக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

உளவியல் படிப்பிப்பவர் முத்துவீரன் சேர். “அந்தப் புள்ளைக்கு கவனம் பத்தாது மிஸ்” என்கிறார்.

2 பெப்ரவரி

பிரேமலதாவுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று பார்க்க, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சேரின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். 1988இல் எழுதிய மஞ்சள் கொப்பியை விரித்து நோட்ஸ் சொன்னார். சொல்லிக்கொண்டே ஜன்னல் வரை நடந்தார். நோட்ஸில் அரைப் பந்தி வெளியே நின்ற றப்பர் மரங்களுக்கு, மீதி கரும்பலகைக்கு. எங்கள் பக்கம் திரும்பியபோது மீசை குறுக்கே வந்தது. மேலுதட்டை முழுதாகவும் கீழுதட்டில் பாதியையும் அது எடுத்துக்கொண்டிருக்கிறது. போதாததற்குத் தமிழில் போகிற வாக்கியம் நடுவழியில் சிங்களத்துக்கு மாறி, “தேருனாத?” என்று முடிகிறது. விளங்கியதா என்று கேட்கிறாராம்!

நடுவில் ஏதோ பகிடி சொன்னார். வகுப்பே சிரித்தது. பிரேமலதா பக்கத்துப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பிந்திச் சிரித்தாள். என்ன பகிடி என்று அவளுக்கும் தெரியாது, பஞ்சு வைத்த எனக்கும் தெரியாது. நானும் சிரித்தேன். வெட்கமாக இருந்தது.

8 பெப்ரவரி

பிரதி எடுத்துக்கொடுக்கிறேன், கொப்பியைத் தாருங்கள் என்று முத்துவீரன் சேரிடம் கேட்டேன். “நோட்ஸ கையில குடுத்துட்டா ஒருத்தரும் வகுப்புக்கு வர மாட்டாங்க மிஸ்.” மீசையைப் பற்றியும் மெதுவாக ஆரம்பித்தேன். அது அவர் கலியாணத்துக்கும் முந்தியதாம். பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

9 பெப்ரவரி

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன். முன்வரிசையில் நடுவாக ஒரு கதிரை போட்டு, ‘பிரேமலதாவுக்கு மட்டும்’ என்று அட்டை ஒட்டினேன். இன்னொரு பிள்ளையின் நோட்ஸை வாங்கி, என் கையால் எழுதி அவளிடம் கொடுத்தேன். எவ்வளவு நல்ல மனுஷி நான்!

21 பெப்ரவரி

மூன்று நாளாகப் பிரேமலதா உளவியல் வகுப்பில் இல்லை. நூலகத்தில் கண்டுபிடித்தேன். அட்டையைப் பார்த்து யாரோ ‘மிஸ்ஸோட செல்லப்பிள்ளை’ என்று முணுமுணுத்திருக்கிறார்கள். அந்த வாய்க்கு மீசை இல்லை. தெளிவாகப் படித்துவிட்டாள்.

“எனக்கு மட்டும் குடுக்காதீங்க மிஸ். குடுத்தா எல்லாருக்கும் குடுங்க. எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தா, நான் எப்படி பாடத்த பாக்குறது?”

நல்லா வேணும் எனக்கு. ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது — ஒருவரைப் பிரித்து வைத்து உதவாதே, பாடத்தையே எல்லோருக்குமாக மாற்று. கொழும்பில் அதற்குச் சிவப்பில் அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். அஞ்சு நாள் போய் என்னத்தடி படிச்சிட்டு வந்த?

அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

1 மார்ச்

கூட்டம். ரோல்ஸ் இருந்ததால் பதினொரு பேரும் வந்தார்கள். எல்லோர் காதிலும் பஞ்சு. கைலேஞ்சியால் வாயை மறைத்துக்கொண்டு, ஜன்னலுக்கும் கரும்பலகைக்குமாக நடந்து நடந்து நோட்ஸ் சொன்னேன். சொன்னதிலிருந்து பத்துக் கேள்வி. கபூர் சேருக்கு மூன்று சரி. எல்லோரிடமும் காட்டித் திரிந்தார். முத்துவீரன் சேருக்கு ஒன்று.

சேர் தாளை மேசையில் வைத்தார். பஞ்சை எடுத்தார்.

“எனக்கும் கவனம் பத்தாதா மிஸ்?”

ரோல்ஸ் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். அவர் ரோல்ஸ் எடுக்காமல் போய்விட்டார். பாவம், கொஞ்சம் கூடிப்போய்விட்டதோ?

6 மார்ச்

சேர் என்னோடு பேசுவதில்லை. வணக்கம் சொன்னால் மீசை மட்டும் அசைகிறது.

20 மார்ச்

காலையில் என் மேசையில் மஞ்சள் கொப்பி! மேலே ஒரு துண்டு: ‘42 பிரதி. வகுப்பில் எல்லோருக்கும். கொப்பி பத்திரம்.’

எனக்கு அழுகை வந்துவிட்டது. உளவியல் நோட்ஸுக்கு அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

3 ஏப்ரல்

சேர் விரிவுரையாளர் அறைக்கு மூச்சு வாங்க வந்தார். “கேள்வி கேக்குறாங்க மிஸ்! எழுதுற வேலை இல்லாததால நிமிந்து என்னையே பாக்குறாங்க. பதினெட்டு வருஷமா ஒருத்தரும் கேட்டதில்ல. இன்னிக்கு ஏழு கேள்வி. ரெண்டுக்கு எனக்கே பதில் தெரியல.”

வகுப்புக்கு வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று அப்பாவியாகக் கேட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: ஒருவரும் இல்லை. தன் குழந்தைக்குச் சுகமில்லாமல் இரண்டு நாள் வராத மாணவி றம்ஸியாகூட, தாளைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்டாளாம்.

16 ஜூன்

உளவியல் பரீட்சை. எழுதியது பிரேமலதா. நகத்தைக் கடித்துத் தீர்த்தது நான்.

25 ஜூலை

63!

பிரேமலதா தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் அதை இரண்டு முறை படித்தேன். பிறகு இருவரும் கன்டீனுக்குப் போய் ரோல்ஸ் சாப்பிட்டோம்.

28 ஜூலை

மறுபடியும் சேரின் வகுப்பில் கடைசி வரிசை. இந்த முறை பஞ்சு இல்லை. சேர் உள்ளே வந்தார். மீசை பாதியாகியிருந்தது! “சலூன்காரன் கை தவறிட்டான்” என்றார், யாரும் கேட்காமலே. கீழே இரண்டு உதடுகள் இருந்தன. மோசமில்லை.

கரும்பலகையில் எழுதி முடிக்கும்வரை வாய் திறக்கவில்லை. வெண்கட்டியை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, ஒரு பகிடி சொன்னார். வகுப்பு யோசித்துக்கொண்டிருந்தது. பிரேமலதா யாரையும் பார்க்காமல் முதல் ஆளாகச் சிரித்தாள். பக்கத்துப் பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிந்திச் சிரித்தார்கள்.

பகிடி அப்படியொன்றும் நன்றாக இல்லை.