மீனுவின் பல்லுக்குப் பூச்சு

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே மழை. துணி எதுவும் காயவில்லை. அங்கன்வாடியில் பல் பரிசோதனை. டாக்டரம்மா மீனுவின் மேலுதட்டைத் தூக்கி டார்ச் அடித்துக் காட்டினார். ஈறு ஓரம் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளை. சொத்தையின் ஆரம்பமாம், தூக்கத்தில் குடிக்கிற பாலால் வருவதாம். இப்போதே ஃப்ளோரைடு பூசினால் நிறுத்திவிடலாம். "பேடிக்கண்டா. வலியே இல்ல கேட்டோ." பயப்பட வேண்டாமென்று மலையாளத்தில் சொன்னார். புதன், பத்து மணி, ஆஸ்பத்திரி.

இந்த மூன்றரை வயது வரை தூங்கும்போது பால் பாட்டில் கொடுத்தது நான்தான். தெரிந்தா கொடுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். ஃப்ளோரைடு என்றதும் தட்டைத் தள்ளிவிட்டார். அவர் ஊர் போர் தண்ணீரில் அது ரொம்ப அதிகம். சின்ன வயதில் குடித்துக் குடித்து பல்லெல்லாம் காவி. கல்யாண ஃபோட்டோவில்கூட உதடு பிரியாது. சிரித்தால் கை வாய்க்குப் போய்விடும்.

"என் பல்லப் பாத்த பொறவுமா பிள்ளைக்கு அதப் பூசணும்னு சொல்லுத?"

"நீங்க வருசக்கணக்கா குடிச்சது. இது பல்லு மேல ஒரு சொட்டு."

"பால்பல்லுதான, விழப்போறது. வேண்டாம்னா வேண்டாம்."

விழும்வரை வலிக்கப்போவது அவளுக்கு. நான் போகிறேன்.

ஜூன் 11, புதன்

வேலை பார்க்கும் கடையில் இரண்டு மணி நேரம் பெர்மிஷன். மிளகாய்ப் பாக்கெட் மிச்சத்தைச் சாயங்காலம் போட்டுத் தருவதாகப் பேச்சு. பழவங்காடியில் பஸ் ஏறினோம், ஒரே நெரிசல்.

மீனு என் மடியில், தலை டாக்டரம்மா மடியில். துடைத்தார், சின்ன பிரஷால் தடவினார். முடிந்தது. அழக்கூட நேரமில்லை.

சொன்னவை: இன்று பல் தேய்க்கக் கூடாது. சூடு, கடினம் வேண்டாம். நாளை வரை மஞ்சளாகத் தெரியும். பேஸ்ட் பட்டாணி அளவு. பாட்டில் கட்.

ஏழு மணிக்கு வந்தார். மஞ்சள் பல்லைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. பிரஷை எடுத்துக்கொண்டு மீனுவைக் குழாயடிக்கு இழுத்தார். பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"காலைல நீங்களே தேய்ச்சு விடுங்க. போகலைன்னா அப்ப என்னைய ஏசுங்க."

 

ஜூன் 12, வியாழன்

வெயில். அவரே தேய்த்துவிட்டார். மஞ்சள் போய்விட்டது. மீனு கண்ணாடியில் ஈயென்று பல்லைக் காட்டினாள். பிறகு பிரஷை அவரிடம் நீட்டினாள்.

"அப்பா, நீயும் தேயி. ஒனக்கும் போயிரும்."

வாங்கித் தேய்த்தார். எட்டி எட்டிப் பார்த்தாள். "இன்னும் தேயி."

அடுக்களைக்குள் போய் அழுதேன். ஆனாலும் அவர் பேச்சைக் கேட்காமல் போனதற்கு வருத்தமில்லை. மூன்று மாதம் கழித்து அடுத்த பூச்சு. காலண்டரில் அவர் கண்ணில் படுகிற மாதிரி பெரிதாக எழுதிவிட்டேன்.