என் பெயரில் அவர் போட்ட கையெழுத்து

28.2.2025, வெள்ளி
திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வெயில் இப்போதே சுடுகிறது. மதியம் சம்பளம் ஏறியதாக மெசேஜ். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் காணோம். ஆபீஸ் சூப்பிரண்டு முத்துசாமி சாரிடம் கேட்டேன்.
"கோர்ட்டு ஆர்டரும்மா. ஃபைனான்ஸ் கடனுக்கு உங்க சம்பளத்துல புடிக்கச் சொல்லிருக்காங்க."
நான் எந்தக் கடனும் வாங்கவில்லையே?

5.3.2025
வக்கீல் செண்பகம் திண்டிவனம் கோர்ட்டில் பழைய வழக்குக் கட்டைப் பார்த்துவிட்டார். எட்டு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, ஏற்ற வேன் வாங்கிய கடன். ஜாமீன் கையெழுத்து என்னுடையதாம். வழக்குச் சம்மனையும் நானே வாங்கினேனாம். யாரும் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு.
நகலை நீட்டினார். "இது உங்க கையெழுத்தா?"
ராஜாமணி. கடைசி 'ணி'யை நான் மேலே வளைத்து இழுப்பதுகூட அப்படியே இருந்தது. நான் போட்டதில்லை. என் கையெழுத்தை இவ்வளவு அறிந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவர் இறந்தே ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அவரே அந்த மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

6.3.2025
எத்தனை முறை எழுதிப் பழகியிருப்பார்? அப்போது நான் எங்கே இருந்தேன் — அடுப்படியிலா?

9.3.2025, ஞாயிறு
மயிலத்திலிருந்து கொழுந்தனார் குமரேசன் வந்தார்.
"பேசாம கட்டிடுங்க அண்ணி. செத்துப்போன மனுஷனக் கோர்ட்டுல கள்ளக் கையெழுத்துக்காரன்னு சொல்லிக்கினு இருப்பீங்களா?"
"வெண்ணிலா காலேஜ் ஃபீஸ யாரு கட்டுவாங்க?"
டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.
வெண்ணிலா கதவோரம் நின்றிருந்தாள். "அப்பா நெஜமாவே பண்ணாராம்மா?"
பொய் சொல்ல வாய் வரவில்லை.

18.3.2025
பழைய தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லி மனு போட்டாச்சு.

2.4.2025
பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டும்போது பின் சீட்டில் யாரோ அவரைப் போலவே தொண்டையைச் செருமினார். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருப்பேன்.

24.6.2025
கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "உங்க கையெழுத்து இல்லன்னா, வேற யாரோடது?"
செண்பகம் மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"எங்க வீட்டுக்காரரோடதுங்க."
சொல்லிட்டேன். அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன். என்ன பொம்பள நான்! — இல்ல, நீ என்ன மனுஷன்யா? நான் போட்ட சோத்தத் தின்னுக்கினு, எதிர்லயே உக்காந்துக்கினு, ஒரு நாள்கூட மூஞ்சி மாறலியே உனக்கு?

14.8.2025
பழைய தீர்ப்பு ரத்து. வழக்கை முதலிலிருந்து நடத்துவார்களாம். சம்பளத்தில் பிடிப்பது நின்றது. செண்பகம் மேடம் போனில் சந்தோஷமாகக் கத்தினார். "சரிங்க மேடம்" என்றேன். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

9.11.2025, ஞாயிறு
அவருக்குத் தெவசம். குமரேசன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. நானும் வெண்ணிலாவும் மட்டும் இலை போட்டுப் படைத்தோம். அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். கற்பூரம் எரியும்போது, "அப்பாகிட்ட எதுனா சொல்லும்மா" என்றாள்.
"கேட்டிருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேனேய்யா" என்றேன்.